ரவுப்: தங்கம் போன பின் மிஞ்சியது என்ன?

தங்கம் என்றால் நமக்குப் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் நகைக்கடைகள்தான் நினைவுக்கு வரும். தங்கத்தை மண்ணிலிருந்தே தோண்டி எடுத்த ஊர் ஒன்றும் நமக்கு அருகில் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலையில் பெந்தோங் வழியாகச் சென்றால், தித்திவங்சா மலைத்தொடருக்குக் கிழக்கே ரவுப் வந்துவிடும்.

'ரவுப்' என்ற மலாய்ச் சொல்லுக்குக் கையால் அள்ளுவது என்று பொருள். அள்ளிய மணலில் எல்லாம் தங்கம் இருந்ததால் இப்பெயர் வந்ததாம்.

1889-இல் வில்லியம் பிப்பி என்ற ஆஸ்திரேலியர் இங்கே சுரங்க நிறுவனம் தொடங்கினார். இயந்திரங்களை இயக்க, செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையமும் கட்டினார்கள்.

ரவுப் போகிறவர்கள் பழைய கடைவீடுகளைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். பக்கத்திலுள்ள புக்கிட் கோமானையும் பார்க்க வேண்டும். பாறையை அரைத்துத் தங்கம் எடுத்தபின் எஞ்சிய கழிவு மணல் அங்கேதான் குவிந்தது. அதில் மிஞ்சிய தங்கத்துகளைச் சயனைடு கொண்டு பிரிக்கும் ஆலை 2009-இல் இயங்கத் தொடங்கியது. உடல்நலத்துக்கு அஞ்சிய ஊர்மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நீதிமன்றம் வரை போனார்கள்.

இந்தியாவின் கோலார் தங்கவயலிலும் இதே கதைதான். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் இன்றும் சயனைடு மணல்மேடுகளுக்கு அருகிலேயே வாழ்கின்றன.

தங்கம் ஊரைவிட்டுப் போய்விடும், கழிவு போகாது. அடுத்த விடுமுறையில் ரவுப் சென்றால், பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.