நீல்கிரிஸ் (பல்பொருள் அங்காடி)

நீல்கிரிஸ் என்பது நீலகிரி மலையில் வெண்ணெய்க் கடையாகத் தொடங்கி, தென்னிந்திய நகரங்களில் பரவிய பல்பொருள் அங்காடித் தொடர் ஆகும். இந்தியாவின் பழைமையான அங்காடித் தொடர்களுள் இதுவும் ஒன்று.

தோற்றம்

இதன் நிறுவனர் முத்துசாமி முதலியார், கோயம்புத்தூரிலிருந்து மலையில் வாழ்ந்த ஆங்கிலேயர்களுக்குக் கடிதங்களைக் கொண்டு சேர்த்து வந்தார். அவர்கள் வெண்ணெயும் வாங்கிவரச் சொல்லவே, 1905 ஆம் ஆண்டு ஓர் ஆங்கிலேயரின் வெண்ணெய் வணிகத்தை வாங்கிக் கடை தொடங்கினார்.

வளர்ச்சி

இவருடைய மகன் சென்னியப்பன் 1936 இல் பெங்களூர் பிரிகேட் சாலையில் கடை திறந்தார். பால்பொருட்கள் விரைவில் கெடுபவை என்பதால், விற்பவரே தயாரிப்பது தரத்தைக் காக்க உதவியது. ஈரோட்டில் பால் பதப்படுத்தும் ஆலை அமைந்தது. பால், வெண்ணெய், ரொட்டி ஆகியவை நிறுவனத்தின் பெயரிலேயே விற்கப்பட்டன. பின்னாளில், வாடிக்கையாளர் தாமே பொருளை எடுத்துக்கொள்ளும் முறையும் வந்தது. மளிகைக் கடையில் பொருளைக் கேட்டு வாங்கிப் பழகியவர்களுக்கு இது புதிது.

உரிமை மாற்றம்

2006 இல் ஆக்டிஸ் என்னும் பிரித்தானிய முதலீட்டு நிறுவனம் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. 2014 இல் பியூச்சர் குழுமம் ஏறத்தாழ 300 கோடி ரூபாய்க்குக் கையகப்படுத்த முன்வந்தது. அப்போது பெரும்பாலான கிளைகள் பிரான்சைஸ் முறையில் இயங்கின. இம்முறையில் கடையை நடத்துபவர் உள்ளூர்க்காரர்; பெயர் நிறுவனத்துடையது. ஆகவே, நிறுவனம் கைமாறும்போதும் சரக்கு வரத்து தடைபடும்போதும், வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்தக் கடைக்காரரே.