மாதிரி விமானப் பந்தயத்துக்கு ஒரு ஓடுதளம் வேண்டும்

கொச்சியை ஒட்டிய வல்லார்பாடம் தீவின் வானம் ஓய்ந்திருப்பதில்லை. 2011-ல் திறக்கப்பட்ட கண்டெய்னர் முனையத்தின் கிரேன்கள் தீவின் தென்முனையில் அண்ணாந்து பார்க்க வைக்கின்றன. காயலுக்கு அப்பால் வில்லிங்டன் தீவில், 1953 முதல் இயங்கிவரும் கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். கருடா. அங்கிருந்து எழும்பும் டோர்னியரும் ஹெலிகாப்டரும் வல்லார்பாடத்தம்மை பசிலிக்காவுக்கு வரும் பக்தர்களுக்குக்கூடப் பழகிப்போன காட்சி. இங்கே வளரும் ஒரு பிள்ளைக்கு விமானப் பித்துப் பிடிக்க வேறெதுவும் வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிள்ளை தானே ஒரு மாதிரி விமானம் செய்தால், அதைத் தன் தீவில் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது.

காரணம் சட்டம். 2021 ஆகஸ்ட் 25-ல் வெளிவந்த ட்ரோன் விதிகளின்படி, விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கி.மீ.க்குள் அனுமதி கேட்காமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலமே கிடையாது. 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடி உயரம்தான். அதற்கு வெளியே, தடை ஏதும் இல்லாத இடங்களில், 400 அடி. கருடாவின் ஓடுதளமோ வல்லார்பாடத்திலிருந்து ஏறக்குறைய 5 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. போதாததற்குக் கடற்படை நிலையங்களைச் சுற்றி 3 கி.மீ. வரை தனியாக ஒரு தடை. நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், கொச்சியிலோ சென்னையிலோ பெரிய மாதிரி விமானங்களுக்கென ஒரு பந்தயச் சங்கம் தொடங்க நினைப்பவர்கள் எஞ்சினைப் பற்றிப் பேசுவதற்கு முன் நிலத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பதற்கு இந்தத் தீவே சாட்சி.

பெரிய மாதிரி என்றால் எவ்வளவு பெரியது? அமெரிக்காவில் வழங்கும் அளவுப்படி, ஒற்றை இறக்கை விமானத்துக்கு நுனிக்கு நுனி 80 அங்குலம், இரட்டை அடுக்கு இறக்கைக்கு 60 அங்குலம், அல்லது அசல் விமானத்தில் கால் பங்கு அளவு. இவற்றில் ஒன்று இருந்தால்தான் அது ‘ஜயன்ட் ஸ்கேல்’. பால்சா மரச்சட்டம், ஃபைபர் கிளாஸ் உடல், பெட்ரோலில் ஓடும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பந்தயத்துக்கென்றே செய்தவற்றில் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுபவையும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் மிரட்சியாக இருக்கிறது. 20 கிலோ எடையுள்ள மாதிரி 300 கி.மீ. வேகத்தில் வரும்போது அதனுள் இருக்கும் ஆற்றல், ஆளோடு சேர்த்து 250 கிலோ உள்ள பைக் 85 கி.மீ. வேகத்தில் வரும்போது இருப்பதற்குச் சமம். இதைப் பொம்மை என்று யாராவது சொன்னால் அவரைப் பந்தயக் களத்துக்குள் விடக்கூடாது.

பந்தயம் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். தரையில் பைலான் எனப்படும் கம்பங்கள் நடப்பட்டிருக்கும். விமானங்கள் அவற்றை வெளிப்புறமாகச் சுற்றி வர வேண்டும். சிறிய விமானங்களுக்கான சர்வதேசப் பிரிவான எஃப்3டி-யில் மூன்று கம்பங்கள். முதல் கம்பம் 180 மீட்டர் தள்ளி. பத்துச் சுற்று, மொத்தம் 4 கி.மீ. தேர்ந்த கைகள் இதை ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுகின்றன. ரிமோட் பிடித்திருப்பவரின் கண் விமானத்தை விட்டு அகலாது. தூரத்துக் கம்பத்தை அது எப்போது கடந்தது என்பது நின்ற இடத்திலிருந்து அவருக்குத் தெரியவும் தெரியாது. அதனால் பக்கத்திலேயே ஒரு துணையாள் நிற்பார். ‘திருப்பு’ என்று அவர் குரல் கொடுத்த நொடியில் விரல் அசைய வேண்டும். ஒரு கண நேரம் முந்தினால் கம்பத்துக்கு உள்ளே வெட்டியதாகத் தண்டனை. பிந்தினால் பின்னால் வருபவன் முந்திவிடுவான். நல்ல துணையாள் கிடைத்தவருக்குப் பாதி வெற்றி கிடைத்த மாதிரி என்பார்கள் பந்தயக்காரர்கள். ரிமோட்டின் சிக்னல் அறுந்தால் எஞ்சின் தானாக அடங்கிவிடும்படி முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும். பறக்கும் முன் அதைச் சோதித்துக் காட்டாத விமானம் தரையை விட்டு எழும்பக்கூடாது. இந்தச் சோதனையில் நண்பன், தெரிந்தவன், நன்கொடை கொடுத்தவன் என்று பாராமல் ‘முடியாது’ என்று சொல்லும் ஒருவர் இருந்தால்தான் அது சங்கம்.

இந்தக் கண்டிப்பு ஏன் என்பதை, ஆள் ஏறிய விமானங்களின் பந்தய வரலாறு ரத்தத்தில் எழுதிக் காட்டியிருக்கிறது. அமெரிக்காவில் 1929-ல் கிளீவ்லாந்துக்கு வந்த தேசிய விமானப் பந்தயம் 1949-ல் நின்றுபோனது. அந்த ஆண்டு பில் ஓடம் ஓட்டிய விமானம் ஒரு வீட்டின்மேல் விழுந்து, ஒரு தாயும் குழந்தையும் இறந்தார்கள். ஓடமும் மாண்டார். 1964-ல் ரீனோ நகரில் பந்தயம் மறுபிறவி எடுத்தது. 2011-ல் ஒரு மஸ்டாங் விமானம் பார்வையாளர் பகுதியில் விழுந்ததில் விமானியோடு 11 பேர் பலியானார்கள். அதன் பிறகும் பந்தயம் நடந்தது. ஆனால் சுற்றிலும் ஊர் வளர்ந்தது, காப்பீட்டுச் செலவு ஏறியது, 2023-ஓடு ரீனோவும் முடிந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் வேர்விட்ட பந்தயத்துக்கே நிலமும் காப்பீடும்தான் முடிவு கட்டின என்றால், புதிதாகத் தொடங்குபவர்கள் அவ்விரண்டையும் முதல் நாளிலேயே கையில் வைத்திருக்க வேண்டாமா?

இந்தியாவில் சட்டம் இப்போது வழிவிட்டிருக்கிறது என்பதுதான் நல்ல செய்தி. 2014 அக்டோபரில் ஆளில்லா விமானங்களைப் பொதுமக்கள் பறக்கவிடுவதற்கு ஒட்டுமொத்தத் தடை வந்தது. 2018 விதிகளில் 2 கிலோ வரையான மாதிரி விமானத்துக்குக் கல்வி நிலைய வளாகத்துக்குள் மட்டும், 200 அடிக்குக் கீழே சலுகை கிடைத்தது. 2021 விதிகள்தான் 25 கிலோ வரையுள்ள, கண்பார்வைக்குள் பொழுதுபோக்குக்காகவும் கல்விக்காகவும் பறக்கும் விமானங்களைத் தனி வகையாக ஏற்று, அவற்றுக்கு ரகச் சான்றிதழ் தேவையில்லை என்றன. 2 கிலோவைத் தாண்டினால் தொலைவிமானிச் சான்றிதழ் வேண்டும்; மூன்றாம் நபர் காப்பீடோ 250 கிராமைத் தாண்டினாலே வேண்டும். இது சுமை அல்ல. மேலே போட்ட பைக் கணக்கை நினைத்துக்கொண்டால், இவை இல்லாமல் பறக்கவிடுவதுதான் தப்பு.

சங்கம் பதிவு செய்வது இவற்றில் எளிது. எர்ணாகுளத்தில் 1955-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்–கொச்சி சங்கச் சட்டம், தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டிலும் ஏழு பேர் போதும்.

ஏழு பேருக்கு அப்பால் கூட்டத்தை எப்படிச் சேர்ப்பது? அதற்கு வல்லார்பாடத்துக்காரர்கள் வெளிநாடு பார்க்க வேண்டாம், எதிர்க்கரையைப் பார்த்தாலே போதும். கேரளத்தின் படகுப் பந்தயமான வள்ளங்களி ஆண்டுதோறும் ஊருக்கு ஊர் தனித்தனியாக நடந்துவந்தது. 2019-ல் அரசின் சுற்றுலாத் துறை அவற்றில் பன்னிரண்டைக் கோத்து, ஒன்பது அணிகளோடு சாம்பியன்ஸ் போட் லீக் ஆக்கியது. கொச்சி மரைன் டிரைவுக்கும் ஒரு சுற்று வந்தது. படகும் துடுப்பும் பழையவைதான். புதிதாக வந்தவை தேதி அட்டவணையும் புள்ளிப் பட்டியலும். இந்த வாரம் தோற்றவன் அடுத்த வாரம் மீள்வானா என்ற கேள்வி வந்ததும், ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்தவர் சீசன் முழுக்கத் தொடர ஆரம்பித்தார். மாதிரி விமானப் பந்தயத்துக்கும் இதுதான் வழி. ஆண்டுக்கு ஒரு பிரமாண்ட விழா எடுத்துக் களைத்துப்போவதைவிட, சிறிதாக நாலு சுற்று நடத்திப் புள்ளி போடுவது மேல்.

இன்னொன்றும் முக்கியம். யார் அதிகம் செலவழிக்கிறாரோ அவரே ஜெயிப்பார் என்ற நிலை வந்தால், இரண்டு ஆண்டில் களம் காலியாகிவிடும். அமெரிக்காவில் ஏடி-6 பிரிவு நிலைத்ததற்குக் காரணம், எல்லோரும் ஒரே விமானத்தின் மாதிரியைப் பறக்கவிடுவதுதான். அதே விமானம் நம் விமானப்படையில் ஹார்வர்ட் என்ற பெயரில் தலைமுறைகளுக்குப் பயிற்சி கொடுத்தது. எனக்கோ வேறோர் ஆசை உண்டு. பெங்களூரில் வி.எம்.காட்கே தலைமையில் வடிவமைக்கப்பட்டு 1951-ல் முதன்முதலாகப் பறந்த ஹெச்.டி-2 பயிற்சி விமானத்தை நம் பந்தயத்தின் ஒரே பிரிவாக வைத்தால் என்ன? கால் பங்கு அளவில் செய்தாலே இறக்கை இரண்டரை மீட்டரைத் தாண்டும். ஒரே வரைபடம், ஒரே எஞ்சின் அளவு, கல்லூரிக்கு ஒரு வண்ணம். விமானப் பொறியியல் படிக்கும் மாணவன் தன் நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட முதல் பயிற்சி விமானத்தைக் கையால் செதுக்கிப் பறக்கவிடுவதைவிட இந்த விளையாட்டுக்கு நல்ல விளம்பரம் கிடைக்காது.

எல்லாம் சரி, எங்கே பறப்பது? பந்தயச் சங்கம் நிலம் தேடிய கதை தமிழ்நாட்டிலேயே ஒன்று இருக்கிறது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தத் தடம் கிடையாது. உலகப் போருக்காகப் போட்டுக் கைவிடப்பட்ட சோழவரம் ஓடுதளத்தில்தான் கார்களும் பைக்குகளும் பாய்ந்தன. கோவை கரிவரதன் போன்றவர்களின் பெயர் ஊரெங்கும் பரவியது அங்கேதான். அந்தக் கூட்டமும் அந்த நம்பிக்கையும் சேர்ந்தே இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்க வைத்து, 1990-ல் சொந்தத் தடத்தைத் திறக்க வைத்தன. முதலில் இரவல் ஓடுதளம், பிறகு சொந்த நிலம். அந்த வரிசையை மாற்றத் தேவையில்லை.

கேரளத்தில் இடுக்கி மாவட்டம் சத்திரத்தில் என்.சி.சி.க்கென 650 மீட்டர் ஓடுதளம் இருக்கிறது. 2022 டிசம்பர் 1-ல் அதில் முதல் விமானம் இறங்கியது. ஆனால் பெரியாறு புலிகள் காப்பகத்தின் பக்கத்தில் பெட்ரோல் எஞ்சின்களை வரிசையாக அலறவிடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். தமிழ்நாட்டில் செட்டிநாடு, கயத்தாறு, உளுந்தூர்பேட்டை ஆகிய இடங்களில் போர்க்காலத்து ஓடுதளங்கள் கிடக்கின்றன. அவற்றுக்கு வேறு திட்டங்கள் வரலாம், வரட்டும். அதுவரை மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை, காப்பீடும் பாதுகாப்பு அதிகாரியும் வைத்திருக்கும் ஒரு பதிவுபெற்ற சங்கத்துக்கு ஒரே ஒரு ஓடுதளத்தைத் திறந்துவிட்டால் போதும். மாநில விளையாட்டுத் துறையும் என்.சி.சி. விமானப் பிரிவும் சேர்ந்து இதை ஒரு கடிதத்தில் செய்துவிடலாம். அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்க, வல்லார்பாடத்திலிருந்தும் சென்னை குரோம்பேட்டையிலிருந்தும் ஏழு பேர் முன்வர வேண்டும். வாசகர்களில் அப்படி யாராவது இருந்தால், விமானத்தைப் பிறகு செய்துகொள்ளலாம். முதலில் விண்ணப்பத்தை எழுதுங்கள்.