பாட்டிலின் கழுத்தும் பைனாகுலரும்

“அறுபது வயதாகிறது. மொட்டை மாடியில் படுத்து நட்சத்திரம் பார்க்க ஆசை. இணையத்தில் 60×60 பைனாகுலர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். காரணம் சுவையானது, அதனால் கொஞ்சம் இழுத்தே சொல்கிறேன்.

முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது முன்லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவது முதல் எண்தான். வானம் பார்ப்பவருக்கு வேண்டியதோ மூன்றாவது எண். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் அது வந்துவிடும்.

பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்துப் பகல் வானத்தை நோக்கித் திருப்புங்கள், சூரியன் இல்லாத திசையில். கண் வைக்கும் லென்ஸின் நடுவே சின்னதாக ஒரு வெள்ளை வட்டம் மிதக்கும். முன்லென்ஸ் வாங்கிய ஒளியெல்லாம் அந்த வட்டத்தின் வழியாகத்தான் வெளியே வருகிறது. 10×50 என்றால் வட்டம் 5 மி.மீ.; 7×50 என்றால் 7 மி.மீ.க்குச் சற்று மேல்.

ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாங்கிய தலைமுறைக்கு இது சட்டென்று புரியும். முன்லென்ஸ், புனலின் அகன்ற வாய். வெள்ளை வட்டம் அதன் குழாய். உங்கள் கண்பாவை, பாட்டிலின் கழுத்து. குழாய் கழுத்தைவிடப் பெரிதாக இருந்தால் எண்ணெய் வெளியே வழியும்; இங்கே வழிவது நட்சத்திர ஒளி. இருட்டில் இளைஞரின் பாவை 7 மி.மீ. வரை விரியும். வயது ஏற ஏற அவ்வளவு விரியாது. அறுபதில் பலருக்கு 5 மி.மீ. விரிந்தாலே பெரிது. பாட்டில் அதேதான், கழுத்து மட்டும் ஆண்டுக்கு ஆண்டு இறுகிக்கொண்டு வருகிறது. (அப்படியொரு பாட்டிலை எந்த ரேஷன் கடைக்காரரும் கண்டிருக்க மாட்டார். உவமையை இத்தோடு விடுகிறேன்.) 5 மி.மீ. பாவையோடு 7×50 வழியாகப் பார்த்தால், உண்மையில் வேலை செய்வது முன்லென்ஸின் நடுவிலுள்ள 35 மி.மீ. மட்டுமே. ஒளியில் பாதி பாவைக்கு வெளியே விழுந்து வீண். ஆடும் கப்பலில் இரவுக் காவல் நிற்கும் இளம் மாலுமிக்கு அதே 7×50 அருமையான கருவி; கண் கொஞ்சம் விலகினாலும் வட்டம் தப்பாது.

60×60-க்கு வருவோம். வகுத்தால் 1 மி.மீ. புனலின் குழாய் ஊசித்துளை ஆகிவிட்டது, காட்சி மங்கிப்போகும். போதாக்குறைக்குக் கை நடுக்கமும் 60 மடங்காகும். பத்து மடங்குக்கு மேல் போனாலே முக்காலி தேவை. ஆனால் வட்டத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். மூன்று, நான்கு மி.மீ. இருந்தால் அந்த 60 என்பதே புளுகு. ஜூம், சிவப்புப் பூச்சு, ‘இரவிலும் தெரியும்’ போன்ற சங்கதிகளையும் ஒதுக்கிவிடலாம். சனியின் வளையம் கையில் பிடித்த பைனாகுலருக்குச் சிக்காது. வியாழனின் நான்கு நிலாக்கள், முழங்கையை எதன் மீதாவது ஊன்றிக்கொண்டால் தெரியும்.

வரலாறு வேண்டுவோருக்கு: ஒளியை முப்பட்டகத்தால் மடக்கிக் குழாயைச் சுருக்கும் வித்தைக்கு இத்தாலியரான இக்னாசியோ பொர்ரோ 1854-இல் காப்புரிமை பெற்றார், 1894-இல் ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. போதும்.

அதைவிட எனக்குப் பிடித்தவர் ஜார்ஜ் ஆல்காக் என்ற ஆங்கிலப் பள்ளி ஆசிரியர். ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களின் அமைப்பை மனப்பாடம் செய்துவைத்திருந்தார். 1983 மே மாதம், எழுபது வயதில், வீட்டுக்குள் இருந்தபடியே மூடிய ஜன்னல் கண்ணாடி வழியாக 15×80 பைனாகுலரில் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டார். அதே வால்நட்சத்திரத்தை ஐராஸ் செயற்கைக்கோளும் ஜப்பானின் அராக்கியும் கண்டிருந்ததால் மூவர் பெயரும் அதற்கு உண்டு. 80-ஐ 15-ஆல் வகுத்துப் பாருங்கள்: 5.3 மி.மீ. எழுபது வயதுப் பாவைக்கு அது தாராளம்.

வாசகருக்கு என் சிபாரிசு 10×50. ஒரு கிலோவை நெருங்கும் எடை கைக்கு ஒத்துவராவிட்டால் 8×42. வட்டத்தின் அளவு ஏறக்குறைய அதேதான். முதல் இரவில் கார்த்திகைக் கூட்டத்தைப் பாருங்கள். வெறுங்கண்ணுக்கு ஆறாக இருப்பது பல பத்துகளாகப் பெருகும். கடைக்குப் போகும்போது ஒரு ஸ்கேல் எடுத்துப் போங்கள். வட்டத்தை அளக்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.