பழைய கம்ப்யூட்டருக்குப் புது மூளை!

வீட்டுக் கம்ப்யூட்டர் ஆமை போல நகருகிறதா? "பிராசசரை மாற்றிவிடலாம்" என்று உடனே கடைக்கு ஓடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்!

பிராசசர்தான் கம்ப்யூட்டரின் மூளை. அது "மதர்போர்டு" என்ற பலகையில் உட்காருகிறது. எல்லா மூளையும் எல்லாப் பலகைக்கும் ஒத்துவராது!

2015-ல் வந்த இன்டெல் 6-ம் தலைமுறை பிராசசருக்கு 1151 தொடுமுனைகள். 2017-ல் வந்த 8-ம் தலைமுறைக்கும் அதே 1151தான். பழைய பலகையில் கச்சிதமாக உட்காரும். ஆனால், வேலை செய்யாது! மின்சாரம் போகும் முனைகளை மாற்றிவிட்டார்கள். அந்தப் பலகைக்கு 7-ம் தலைமுறையே எல்லை.

ஏ.எம்.டி.யின் "ஏ.எம்.4" பலகை வேறு மாதிரி. 2017-ல் ரைசன் 1600 போட்டவர்கள், பல பலகைகளில் 2022-ல் வந்த ரைசன் 5600-ஐப் போடலாம். இரண்டும் 65 வாட்தான். ஆனால், பழைய பிராசசர் இருக்கும்போதே "பயாஸ்" புரோகிராமைப் புதுப்பித்துவிட வேண்டும். மறந்தால் திரை இருண்டே கிடக்கும்!

ஆகவே, முதலில் பலகையின் பெயரைப் பாருங்கள். அதைச் செய்த கம்பெனி ஒரு பட்டியல் வெளியிட்டிருக்கும். அதில் உள்ள பிராசசரையே வாங்குங்கள்.

இன்னொரு சேதி! பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போட்டாலே பல கம்ப்யூட்டர்கள் துள்ளி ஓடும். முதலில் அதைச் செய்து பாருங்கள். ஓடிவிட்டால், பிராசசர் பணம் உங்கள் பையிலேயே இருக்கும்!