கியர்பாக்ஸுக்கும் பத்துப் பொருத்தம்!

கல்யாணத்துக்கு ஜாதகம் கொண்டுபோனால் ஜோசியர் தினம், கணம், யோனி, ரஜ்ஜு என்று விரல்விட்டுப் பத்துப் பொருத்தம் பார்க்கிறார். பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு செகண்ட்ஹேண்டில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தேடுகிறவரும் அப்படித்தான் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் முடிச்சுப் போட்டால் சம்பந்தம் ஒரு வாரம்கூடத் தாங்காது. விற்ற கடைக்காரர் அதற்குள் உங்கள் முகத்தையே மறந்திருப்பார்!

நான் பி.காம். டெபிட், கிரெடிட்டைத் தாண்டி எனக்கு ஏன் இந்த விவகாரம் என்கிறீர்களா? மரக்காணத்து நண்பர் ஒருவரின் இடது முழங்கால்தான் காரணம்.

நண்பருக்கு உப்பு வியாபாரம். தை பிறந்ததிலிருந்து மழை இறங்கும்வரை உப்பளம்தான் அவருக்கு வீடு. வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது என்பதால் ஆட்கள் விடிவதற்கு முன்பே இறங்கிவிடுவார்கள். இவரும் நாலு மணிக்கே கிளம்ப வேண்டும். முழங்கால் தேய்ந்துபோனதிலிருந்து கிளட்ச் மிதிக்க முடியவில்லை. வரப்புச் சேற்றில் சாதா கார் போகாது. ஆக, ஒரு ஜப்பான் வண்டி... டீசல், ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ், வயசு இருபத்தைந்துக்கு மேல். (பேர் வேண்டாம். அது பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.)

"ஒரு டிரைவர் வெச்சுக்கலாமே அண்ணே?"

"வெடிகாலம் மூணரைக்கு வந்து நிக்கிற டிரைவர் இன்னும் பொறக்கல தம்பி. வண்டி இல்லன்னா நான் ஊட்ல உக்கார வேண்டியதுதான்."

போன சீஸன் நடுவில் வண்டி மக்கர் பண்ணியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் என்ஜின் கத்துகிறது, சக்கரம் மட்டும் யோசித்து யோசித்து நகர்கிறது. திண்டிவனத்து மெக்கானிக் கியர்பாக்ஸின் டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினார். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் எண்ணெய், அதாவது ஏ.டி.எஃப்., பெரும்பாலும் கண்ணாடி மாதிரி தெளிவான சிவப்பில் இருக்கும். இதில் இருந்ததோ சாட்சாத் ரோஸ்மில்க்!

எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். எப்படி? ஆட்டோமேட்டிக் பெட்டி ரொம்பவே சூடாகிற சமாசாரம். அதன் எண்ணெய், ஒரு குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போய், அங்கே தொட்டிக்குள் இருக்கும் சின்னக் கூலரில் ஆறிவிட்டுத் திரும்பும். மரக்காணத்தில் காற்றிலேயே உப்பு. போர் தண்ணீரும் கரிக்கும். வெளியிலிருந்து ஒன்று, ரேடியேட்டரில் ஊற்றிய வகையில் உள்ளிருந்து ஒன்று என்று இரண்டு பக்கமும் அரித்து, கூலரில் ஊசிமுனை ஓட்டை விழுந்தது. தண்ணீர் எண்ணெய்க்குள் நுழைந்தது. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் பிளேட்டுகளின் மேல் ஒட்டியிருப்பது கிட்டத்தட்டக் காகித ஜாதி. ஈரம் பட்டால் பசை விட்டுப்போய் உரிந்துவிடும். உரிந்த துகள் பம்ப்பை அரைக்கும், சந்துகளை அடைக்கும்.

இங்கே கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்த்துவிடலாம். முன்பக்கம் ஒரு உருண்டைச் சட்டி: டார்க் கன்வெர்ட்டர். என்ஜின் சுற்றும் சக்தியை எண்ணெய் மூலமாகவே கியர்பாக்ஸுக்குக் கடத்துகிறது. அப்புறம் பம்ப். அதற்குப் பின்னால் சூரியனைச் சுற்றும் கிரகங்கள் மாதிரி பல்சக்கரங்கள், அவற்றைப் பிடித்து நிறுத்தவும் விடவும் கிளட்ச் டிரம்கள். அடியில் எறும்புப் புற்று மாதிரி வழிகள் குடைந்த ஓர் அலுமினியத் தட்டு: வால்வ் பாடி. எந்த வேகத்தில் எந்த கியர் விழ வேண்டும் என்று அந்த எண்ணெய் வழிகள்தான் முடிவு செய்கின்றன. கடைசியில் அவுட்புட் ஷாஃப்ட். டூ வீல் டிரைவில் அது பின்சக்கரத்துக்குப் போகும் தண்டோடு சேரும். ஃபோர் வீல் டிரைவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இன்னொரு பெட்டிக்குள் போய், முன்னுக்கும் பின்னுக்குமாகப் பங்கு பிரிக்கும்.

புதுப் பெட்டி என்ன விலை என்று விசாரித்தோம். வண்டியை விற்றாலும் அவ்வளவு வராது. அதே மாடல், அதே ஃபோர் வீல் டிரைவ், பழைய பெட்டியாவது கிடைக்குமா? நல்ல நிலையில் ஒன்றும் அகப்படவில்லை. அப்போதுதான் மெக்கானிக் மூன்றாவது வழியைச் சொன்னார்: "ஓடு நம்மளுது, உள்ள இருக்கற சரக்கு வேறொண்ணுது."

இது நம் ஊருக்குப் புதிதில்லை. ஜீப்பில் காலம்காலமாக நடப்பதுதான். யுத்தகால வில்லிஸ் ஜீப்பில் டி-84 என்ற மூன்று கியர் பெட்டி. யுத்தம் முடிந்து 1945-ல் வந்த சிவில் ஜீப்பில் அதைவிடத் தாட்டியான டி-90. பழசைக் கழற்றிவிட்டு புதுசை மாட்டுவது உலகம் பூராவும் ஜீப் மெக்கானிக்குகளுக்கு அரிச்சுவடி. மஹிந்திரா அதே ஜீப் வம்சத்தைப் பல பத்தாண்டுகள் இங்கே செய்துகொண்டிருந்ததால், இந்தியாவில் செய்த உதிரி பாகங்களை இன்றைக்கும் அமெரிக்காவில் பழைய வில்லிஸ் வைத்திருப்பவர்கள் வாங்கி மாட்டுகிறார்கள். அதிலும் ஒரு பொறி உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸைச் சுற்றும் கியரில் 26 பல் வைத்ததும் இருக்கிறது, 29 பல் வைத்ததும் இருக்கிறது. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி. மாற்றிப் போட்டால் பங்காளிச் சண்டை!

ஆட்டோமேட்டிக்கில் இந்த ஒன்றுவிட்ட உறவு இன்னும் விஸ்தாரம். பெரிய கார் கம்பெனிகள் பல சொந்தமாகப் பெட்டி செய்வதில்லை. வெளியே வாங்கித் தங்கள் பேரைப் போட்டுக்கொள்வார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1964-ல் கொண்டுவந்த டர்போ ஹைட்ராமேட்டிக் 400 என்ற பெட்டி ரோல்ஸ்ராய்ஸ் சில்வர் ஷேடோவிலும் இருந்தது, ஃபெராரி 400-லும் இருந்தது, ஜீப் வேகனியரிலும் இருந்தது, அமெரிக்க ராணுவத்தின் ஆரம்பகால ஹம்வீயிலும் இருந்தது. மகாராஜாவும் சிப்பாயும் ஒரே பந்தியில்! ஆனால் என்ஜினோடு சேரும் வாய்ப்பகுதி, அதாவது பெல் ஹவுசிங்கின் போல்ட் துளைகள், ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்துக்குள்ளேயே ஷெவர்லேவுக்கு ஒரு தினுசு, ப்யூக்குக்கு வேறு தினுசு.

ஜப்பானின் ஐசின் கதையும் அதேதான். டொயோட்டா லாரி, ஜீப்களில் ஏ340 என்று ஓடிய குடும்பத்தின் ஒரு பிள்ளைதான், 1987 முதல் அமெரிக்க ஜீப் செரோக்கியில் ஏடபிள்யூ4 என்ற பேரில் ஓடியது. அந்த ஏடபிள்யூ4-லேயே 1990 வரை வந்ததில் அவுட்புட் ஷாஃப்டின் நுனியில் 21 வெட்டு. 1991 முதல் 23. இந்த வெட்டு வரிசைக்கு ஸ்ப்ளைன் என்று பேர். இரண்டே இரண்டு வெட்டு வித்தியாசத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ளே போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிடும். டொயோட்டாவின் ஏ340-ல் கடைசி எழுத்தே ஜாதகம். எஃப் என்றால் ஃபோர் வீல், டிரான்ஸ்ஃபர் கேஸில் செயின். எச் என்றாலும் ஃபோர் வீல்தான், ஆனால் அது எண்ணெய் அழுத்தத்தில் மாறுகிறது. எழுத்தைப் பார்க்காமல் வாங்கினவர் எடைக்குத்தான் போட வேண்டும்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 2008-ல் மஹிந்திரா ஸ்கார்ப்பியோவில் 6 கியர் ஆட்டோமேட்டிக் வந்தது. பெட்டி செய்து கொடுத்தது ஆஸ்திரேலியாவின் டி.எஸ்.ஐ. 2009-ல் அந்தக் கம்பெனி நொடித்து, சீனாவின் ஜீலி கைக்குப் போனது. கொரியாவின் சாங்யாங்கும் டி.எஸ்.ஐ. பெட்டி வாங்கிய கம்பெனிதான். பிறகு அந்த சாங்யாங்கையே 2011-ல் மஹிந்திரா வாங்கி, சில வருஷம் வைத்திருந்தது. டிவி சீரியலில்கூட இவ்வளவு சொந்தம் இருக்காது. பழைய பாகம் தேடுகிறவருக்கு இந்த வம்சாவளி தெரிந்திருப்பது, வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைவிட முக்கியம்.

சரி, நம் கதைக்கு வருவோம். நானும் மெக்கானிக்கும் சென்னை புதுப்பேட்டைக்குப் போனோம். கழற்றிப்போட்ட கார்களின் எலும்புகள் அடுக்கடுக்காக! மூன்றாவது கடையில், அதே குடும்பத்து டூ வீல் டிரைவ் பெட்டி ஒன்று, ஏதோ பெட்ரோல் வேனிலிருந்து கழற்றியது. கடைக்காரர் "அப்படியே மாட்டிக்கலாம் சார்" என்றார். மெக்கானிக் பதிலே சொல்லவில்லை. டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பார்த்தார். (தீய்ந்த வாடை வந்தால் பிளேட் போச்சு.) அடித்தட்டைக் கழற்றச் சொல்லி உள்ளே இருந்த காந்தத்தைத் தடவினார். மை மாதிரி நைசான பொடி இருந்தால் வயசுத் தேய்மானம். சிம்பு சிம்பாக இரும்பு இருந்தால் வேண்டாம். பொடிதான் இருந்தது. பிறகு சட்டையிலிருந்து சாக்பீஸ் எடுத்து, இன்புட் ஷாஃப்டில் ஒரு வெட்டில் கோடு போட்டுவிட்டு எண்ண ஆரம்பித்தார். இரண்டு தடவை. நண்பரின் பெட்டியில் எண்ணிக் குறித்த காகிதத்தோடு ஒப்பிட்டார். பாங்க் ஆடிட்டர்கூட அவ்வளவு நிதானமாக டிக் அடிக்க மாட்டார்.

பேரம் முடிந்து, திண்டிவனத்தில் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிரித்தார்கள். பம்ப், ஒரு டிரம், கிரகச் சக்கரங்கள் வேன் பெட்டியிலிருந்து. ஓடும், அவுட்புட் ஷாஃப்டும், பின்தலையும் நண்பருடையதே. அதுதானே ஃபோர் வீல் டிரைவ். இன்னொரு டிரம்மையும் மாற்றவில்லை. டீசலின் இழுவையைத் தாங்க அதில் ஒரு பிளேட் கூடுதல். பெட்ரோல்காரனுடையதைப் போட்டால் ஏற்றத்தில் வழுக்கும். பிளேட்டுகளும் ரப்பர் சீல்களும் மட்டும் புதுசு.

வால்வ் பாடி? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெட்ரோல் என்ஜின் வேகமாகச் சுற்றும், டீசல் அவ்வளவு சுற்றாது. பெட்ரோல் வண்டியின் வால்வ் பாடி, என்ஜின் அலறும் வரை அடுத்த கியரைக் கொடுக்காது. அதனால் நண்பருடையதையே கழுவி, ஒவ்வொரு சின்ன உருண்டையும் இருந்த குழியிலேயே திரும்பப் போட்டார்கள். அமெரிக்காவில் அந்த 400 பெட்டியை டீசலில் மாட்டியபோதும் இதே மாதிரி ஒரு சிக்கல். என்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தைப் பார்த்துத்தான் அது கியர் மாற்றும். டீசலில் அந்த உறிஞ்சலே கிடையாது. தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வைத்தார்கள்.

வண்டியில் ஏற்றுகிற நாள் நானும் போயிருந்தேன். கன்வெர்ட்டரைக் கையால் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளினார். ஒரு தடவை 'டக்'. இன்னொரு தடவை 'டக்'. "இன்னும் ஒண்ணு இருக்கு" என்று காத்திருந்தார். மூன்றாவது 'டக்'கில்தான் அது பம்ப்பின் காதில் உட்காருகிறது. அது உட்காராமல் போல்ட்டை முறுக்கி என்ஜினோடு இழுத்தால், என்ஜினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே பம்ப் உடைந்துவிடும். கையால் தள்ளியே பெட்டியும் என்ஜினும் முகத்தோடு முகம் சேர வேண்டும். போல்ட் வெறும் தாலிக்கயிறு, இழுத்துக் கட்டிப்போடும் சங்கிலி இல்லை.

பழைய ரேடியேட்டருக்கு ஓய்வு. எண்ணெய்க்கு இப்போது தனிக் கூலர், ரேடியேட்டருக்கு முன்னால், தண்ணீரோடு சகவாசமே இல்லாமல். பழைய குழாய்களையும் கழற்றிப் போட்டுவிட்டார்கள், உள்ளே ஒட்டியிருக்கும் துகள் புதுப் பிளேட்டுகளைத் தின்றுவிடும் என்று.

கணக்குப் பிள்ளையாக ஒரு விஷயம்: புதுப்பேட்டைப் பெட்டி, பிளேட் செட், கூலர், கூலி எல்லாம் சேர்ந்தும் புதுப் பெட்டி விலையில் கால்வாசிக்குக் கீழே. ஆனால் வேலை முடிய மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் நண்பர் யார் யாருடைய டி.வி.எஸ். ஃபிஃப்டியிலோ பின்னால் உட்கார்ந்து உப்பளம் போனார். அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எங்கள் காலேஜில் சொல்லித் தரவில்லை.

இப்போது வண்டி நாலு மணிக்குக் கிளம்புகிறது. ஞாயிறுதோறும் ஏரித் தண்ணீர் கொண்டுவந்து அடிப்பாகத்தைப் பீச்சி அடிக்கிறார். மாசம் ஒரு தடவை டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்து, "சிவப்பாதான் கீது" என்று எனக்கு போன் செய்கிறார்.

மிஞ்சிய வேன் பெட்டியின் ஓடும் வால்வ் பாடியும் மெக்கானிக்கின் பரண்மேல். கடலூர்ப் பக்கம் யாரோ ஒரு வேன்காரர் அதற்குள் இரண்டு தடவை விலை கேட்டுவிட்டாராம்.

"எத்தனை ஸ்ப்ளைன்னு எண்ணிக்கினு வாங்கன்னு சொல்லியிருக்கேன் சார். ஆளு இன்னும் வரல."