கலஃபுல் அஹ்மர் விதித்த இரண்டாம் நிபந்தனை

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலஃபுல் அஹ்மர், பண்டைய அரபுக் கவிதைகளை மனனம் செய்து பிறருக்கு அறிவித்து வந்த ‘ராவீ’களுள் தலைசிறந்தவர். இளைஞராயிருந்த அபூ நுவாஸ் அவரிடம் சென்று, கவிதை இயற்ற அனுமதி வேண்டினார். பழங்கவிதைகளில் ஆயிரத்தை மனனம் செய்துவிட்டு வரும்படி ஆசிரியர் பணித்தார். நெடுநாள் கழித்துத் திரும்பிய மாணவர், பல நாட்கள் அமர்ந்து அத்தனையையும் ஒப்புவித்து மீண்டும் அனுமதி கேட்டார். அப்போதுதான் கலஃப் இரண்டாம் நிபந்தனையை விதித்தார்: கற்ற ஆயிரத்தையும் கற்காதவர் போல மறந்துவிட்டு வர வேண்டும். ஆழப் பதிந்ததை மறப்பது எளிதன்று என்று அபூ நுவாஸ் முறையிட்டும் பயனில்லை. ஒரு துறவிமடத்தில் தனித்திருந்து அவற்றை மறந்த பின்னரே அவர் கவிதை பாட அனுமதி பெற்றார். ‘லிஸானுல் அரப்’ என்னும் பேரகராதியைத் தந்த இப்னு மன்ழூர், அபூ நுவாஸைப் பற்றித் தொகுத்த நூலில் இச்செய்தி இடம்பெறுகிறது.

அரபுக் கல்லூரி வகுப்பில் பல்லாண்டுகளாக நாம் சொல்லி வரும் இக்கதை, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பிறகு புதியதொரு கேள்வியை நம் முன் வைத்திருக்கிறது. அந்த நிபந்தனையை இயந்திரம் நிறைவேற்றிவிட்டதா என்பதே அது.

இக்கேள்வி விளையாட்டானது அன்று. பெரும் மொழி மாதிரிகள் எனப்படும் இவ்வியந்திரங்கள் எவ்வாறு கற்கின்றன என்பதைச் சற்று நோக்குவோம். கோடிக்கணக்கான பக்கங்கள் சிறு சிறு சொற்கூறுகளாக உடைக்கப்பட்டு அவற்றிற்கு ஊட்டப்படுகின்றன. ஒரு தொடரில் அடுத்து வரக்கூடிய கூறு எதுவென்று இயந்திரம் கணிக்கிறது. கணிப்பு பிழைக்கும்போதெல்லாம் அதனுள் இருக்கும் பல நூறு கோடி எண்கள் சிறிது சிறிதாகத் திருத்தப்படுகின்றன. பயிற்சி முடிந்த பின் எஞ்சுவது அந்த எண்களே. படித்த நூல்கள் அலமாரியில் அடுக்கியது போல் உள்ளே இருப்பதில்லை. சிற்சில பகுதிகளை அது சொல்லுக்குச் சொல் ஒப்புவிப்பதுண்டு என்றாலும், பெரும்பாலானவை கரைந்துபோய்ச் சாயல் மட்டுமே தங்கியிருக்கிறது. ஆக, ஆயிரமன்று, பல கோடிக் கவிதைகளையும் உரைகளையும் கற்று, அவற்றின் உருவத்தை மறந்த மாணவர் என்று அதைச் சொன்னால் முற்றிலும் பிழையென்று தள்ளிவிட இயலாது. “இயந்திரத்திற்கு உயிரில்லை, ஆகவே படைப்பில்லை” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடும் நம்மவர்கள் இவ்விடத்தில் சற்று நிதானிப்பது நல்லது.

வேறுபாடு, மறந்த இடத்தில் எது வந்து நிரம்புகிறது என்பதில் இருப்பதாக நாம் கருதுகிறோம். அபூ நுவாஸ் மடத்திலிருந்து வெளிவந்து பழையோரைப் போலவே பாடவில்லை. பாழடைந்த கூடாரத் தடங்களின் முன் நின்று காதலியை எண்ணி அழுது கவிதையைத் தொடங்கும் மரபை அவர் எள்ளி நகையாடினார். தாம் கண்ட நகரத்தையும் தம் காலத்து வாழ்வையும் பாடினார். (அவர் பாடிய மதுவைப் பற்றி நம் வகுப்புகளில் விரைந்து கடந்து செல்வது வழக்கம், இங்கும் அவ்வாறே கடப்போம்.) ஆயிரம் கவிதைகள் விட்டுச் சென்ற வெற்றிடத்தில் ஒரு மனிதரின் வாழ்க்கை வந்து அமர்ந்தது. இயந்திரம் மறந்த இடத்திலோ, அது கற்றவற்றுள் மிகப் பொதுவானது வந்து அமர்கிறது.

இதற்கு ஓர் ஆய்வுச் சான்றும் உண்டு. அனில் தோஷி, ஆலிவர் ஹவுசர் என்னும் இருவர் 2024 ஜூலையில் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஏறத்தாழ 300 பேர் எட்டு வாக்கியங்கள் கொண்ட சிறுகதைகளை எழுதினர். சிலருக்கு இயந்திரம் தந்த கருத்து ஒன்றும், சிலருக்கு ஐந்து வரையும் பெற்றுக்கொள்ள வாய்ப்பளிக்கப்பட்டது. சிலர் துணையின்றி எழுதினர். படித்து மதிப்பிட்ட 600 பேர், இயந்திரத்தின் துணை பெற்ற கதைகளே மேலானவை என்றனர். இயல்பாகவே படைப்பாற்றல் குறைந்திருந்தோர் பெற்ற பயன் மிக அதிகம். ஆனால் துணை பெற்ற கதைகளை ஒருங்கே வைத்துப் பார்த்தபோது, அவை துணையின்றி எழுதப்பட்டவற்றைக் காட்டிலும் ஒன்றையொன்று அதிகம் ஒத்திருந்தன. தனி ஒருவருக்கு இலாபம். எல்லோருக்குமான பொதுக் களஞ்சியத்திற்கு நட்டம். தம் கதை உயர்ந்திருப்பதைக் காணும் எழுத்தாளருக்கு இந்த நட்டம் கண்ணில் படாது என்பதுதான் இதில் நாம் அஞ்ச வேண்டிய பகுதி.

கலஃபைப் பற்றி இன்னொரு செய்தியையும் மறைக்கலாகாது. அவர் போலிக் கவிதைகள் புனைவதில் வல்லவர். தாமே இயற்றியவற்றை ஜாஹிலிய்யாக் காலத்துக் கவிஞர்களின் பெயரால் உலவவிட்டார் என்றும், பிற்காலத்தில் மனம் வருந்தி கூஃபாவாசிகளிடம் உண்மையைச் சொன்னபோது அவர்கள் நம்ப மறுத்தனர் என்றும் அறிவிப்புகள் உள்ளன. அதே கலஃப்தான் இலக்கியத் திறனாய்வுக்கு மறக்கவியலாத ஓர் உவமையையும் தந்தார். எனக்குப் பிடித்த கவிதையைப் பற்றி நீரும் உம் தோழர்களும் என்ன சொன்னாலும் கவலையில்லை என்று ஒருவர் கூற, உமக்குப் பிடித்த திர்ஹத்தை நாணயமாற்றுபவர் செல்லாது என்றால் உம் விருப்பம் எதற்கு உதவும் என்று அவர் கேட்டதாக, ஹிஜ்ரி 231இல் மறைந்த இப்னு ஸல்லாம் அல்ஜுமஹீ பதிவு செய்துள்ளார். ஆயிரத்தை மனனம் செய்தவராலேயே அந்த நாணயத்தைச் சுண்டிப் பார்க்க முடியும். முதல் நிபந்தனையையே தவிர்த்துவிட்டு, கேட்டவுடன் கவிதை பெறும் தலைமுறையில் நாணயமாற்றுபவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

எழுத்தைத் தொழிலாகக் கொண்டோரின் கவலை வேறு வகையானது, அது நியாயமானதும்கூட. 2023 மே 2 முதல் செப்டம்பர் 27 வரை ஹாலிவுட் திரைக்கதை ஆசிரியர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் முடிவில், இயந்திரத்தை ஆசிரியராகக் கொள்வதில்லை என்பதும், அதைப் பயன்படுத்துமாறு எழுத்தாளரைக் கட்டாயப்படுத்துவதில்லை என்பதும் ஒப்பந்தமாயின. 2025இல் ஆன்த்ரோபிக் நிறுவனத்திற்கு எதிரான வழக்கில், நூல்களைக் கொண்டு இயந்திரத்தைப் பயிற்றுவித்தது சட்டப்படி நியாயமான பயன்பாடே என்ற அமெரிக்க நீதிபதி, திருட்டுப் பிரதிகளை இறக்கிச் சேமித்ததற்கு அந்தப் பாதுகாப்பை மறுத்தார். சுமார் 5 லட்சம் நூல்களுக்காக 150 கோடி டாலர் தர அந்நிறுவனம் பின்னர் இசைந்தது. கற்பது வேறு, களவு வேறு என்னும் இப்பாகுபாட்டை அரபுத் திறனாய்வாளர்கள் ‘ஸரிக்காத்’ என்ற தலைப்பில் பன்னெடுங்காலம் விவாதித்திருக்கின்றனர். முதனப்பீயின் கவிதைகளை முன்னிட்டுக் காழீ அல்ஜுர்ஜானீ எழுதிய ‘அல்வஸாத்தா’வைப் புரட்டுவோர் இதைக் காணலாம்.

சென்ற ஆண்டு நம் மாணவர் ஒருவர், மறைந்த தம் பாட்டியாரைப் பற்றி அரபியில் ஓர் இரங்கற்பா எழுதி வந்தார். மொழி பிழையற்றது. அதில் ஒட்டகமும் பாலையும் நிலவும் இருந்தன. பாட்டியார் இல்லை. அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டோம். பத்தமடையில் பாய் நெய்தவர் என்றார் மாணவர். கோரையை ஆற்றில் ஊறவைப்பது, சாயம் ஏற்றுவது, நெய்து நெய்து விரல்கள் காய்த்துப் போனது என்று தமிழில் அரைமணி நேரம் பேசினார். முதற்பிரதி எவ்வாறு பிறந்தது என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் பதினோர் அடிகளோடு வந்தார். இரண்டில் யாப்பு உடைந்திருந்தது. ஓரிடத்தில் இஃராபு தவறு. கோரைக்குரிய அரபுச் சொல்லை அகராதியில் தேடி ‘அஸல்’ என்று எழுதியிருந்தார். பழங்கவிதைகளில் அச்சொல் உவமையாகு பெயராய் ஈட்டிகளைச் சுட்டிப் போர்க்களத்தில் வருவது. பாய் முடையும் புல் என்பதே அதன் முதற்பொருள் என்று லிஸானுல் அரப் கூறும். ஈட்டி என்ற பொருள் அம்மாணவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தச் சொல் அப்படியே இருக்கட்டும் என்று கூறி, உடைந்த இரண்டு அடிகளை மட்டும் சரிசெய்து வருமாறு அனுப்பினோம்.