அஞ்சல் சர்வரின் இடமாற்றம்

சிறு நிறுவனங்கள் பலவற்றின் அலுவலக மூலையில் ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும் மின்னஞ்சல் சர்வர்களில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் என்னும் மென்பொருளே பரவலாகக் காணப்படுவது. அதன் 2016, 2019 பதிப்புகளுக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. ஆதரவு முடிந்த மறுநாளே சர்வர் நின்றுவிடுவதில்லை. ஆனால் அதன்பின் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் வழக்கம்போல் வந்துசேர்வதில்லை என்பதே ஆபத்து. 2021 மார்ச்சில் எக்ஸ்சேஞ்சின் நான்கு ஓட்டைகள் வெளிச்சத்துக்கு வந்தபோது, திருத்தம் வெளியான பிறகும் அதை நிறுவாதிருந்த ஆயிரக்கணக்கான சர்வர்களுக்குள் ஊடுருவல் நிகழ்ந்தது.

ஆகவே அஞ்சல் பெட்டிகளைக் கிளவுடுக்கு, அதாவது சேவை நிறுவனத்தின் தரவு மையத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று மாத வாடகைக்குக் கிடைக்கும் இடத்துக்கு, மாற்றுகிறார்கள். மாறும் நாளில் வரும் அஞ்சல் தொலைந்துவிடுமோ என்பதே உரிமையாளர்களின் பெரிய அச்சம். அது பெரும்பாலும் தேவையற்றது. ஒரு நிறுவனத்துக்கான அஞ்சலை எந்தச் சர்வரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை இணையத்தின் பெயர்ப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் உள்ள எம்எக்ஸ் பதிவு சொல்கிறது. அப்பதிவைப் பிற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற அளவை ஒரு நாளிலிருந்து 300 நொடிகளாக முன்கூட்டியே குறைத்துவிட்டால், புதிய முகவரி விரைவில் பரவிவிடும். இடையில் சர்வர் கிடைக்காமல் போனாலும், அனுப்பும் சர்வர் நான்கைந்து நாள்களாவது மீண்டும் மீண்டும் முயல வேண்டும் என்றே அஞ்சல் நெறிமுறை பரிந்துரைக்கிறது.

உண்மையான தொல்லை யாரும் நினைத்துப்பார்க்காத இடங்களில் முளைக்கிறது. அஞ்சலைப் படிப்பதற்கான நெறிமுறையான ஐமேப் வழியாகப் பழைய பெட்டிகளைப் பிரதியெடுத்தால் அஞ்சல்கள் மட்டுமே வரும், நாட்காட்டியும் தொடர்பு முகவரிகளும் வாரா. ஸ்கேன் செய்த தாளை அஞ்சலில் அனுப்பும் ஜெராக்ஸ் இயந்திரமும் பில் அனுப்பும் கணக்கு மென்பொருளும் பழைய சர்வரின் உள் முகவரியையே தேடிக்கொண்டிருக்கும். எந்தெந்தச் சர்வர்கள் அந்நிறுவனத்தின் பெயரில் அஞ்சல் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்பிஎஃப் பதிவில் புதிய சேவையைச் சேர்க்க மறந்தால், அனுப்பும் விலைப்பட்டியல்கள் வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டியில் போய் விழும்.

இவற்றுள் மிகவும் குழப்புவது அஞ்சல் மென்பொருளான அவுட்லுக்கில் பெயரின் முதலெழுத்துகளைத் தட்டியதும் தானாக விரியும் பட்டியல். ஒரே எக்ஸ்சேஞ்சுக்குள் இருக்கும் சக ஊழியரின் பெயருக்குப் பின்னால் அது சேமித்திருப்பது வழக்கமான மின்னஞ்சல் முகவரியை அன்று, பழைய சர்வர் சூட்டிய நீண்ட உள்பெயரை. அதனால் அடுத்த மேசைக்கு எழுதிய அஞ்சல் திரும்பி வர, வெளியூரிலிருந்து வருவது மட்டும் ஒழுங்காகச் சேரும் விந்தை நேர்கிறது. அந்த உள்பெயரை எக்ஸ்500 என்ற வகை முகவரியாகப் புதிய பெட்டியில் சேர்த்துவிட்டால் இது தீரும்.

இத்தகைய பாக்கிகள் மாறிய வாரத்திலேயே எல்லாம் தலைகாட்டுவதில்லை. மாதக் கணக்கு முடிக்கும் நாளில் மட்டும் இயங்கும் மென்பொருளும் உண்டு. எனவே பழைய சர்வரை உடனே அணைத்துவிடாமல், எந்தக் கருவியும் அதன்வழி அஞ்சல் அனுப்பவில்லை என்பதை ஒரு முழு மாதமாவது அதன் பதிவேட்டில் பார்த்து உறுதிசெய்த பின்னரே மின்னிணைப்பை நீக்குவது முறை.